மனப்பாடம் நின்றால் பேச்சும் நின்றுவிடுகிறது: வாசகர் கேள்வி பதில்

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பேச்சுப் பயிற்சி குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: படிவம் 2இல் (இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு) படிக்கும் என் மகன் 5 நிமிடப் பேச்சை வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தான். வீட்டில் பத்து முறை தடங்கலே இல்லை. போட்டியன்று மூன்றாவது நிமிடத்தில் ஒரு சொல் மறந்தது, அப்படியே நின்றுவிட்டான். இப்போது மேடை என்றாலே வேண்டாம் என்கிறான். என்ன செய்வது?
(ஒரு தாய், செந்தூல்)

பதில்: உங்கள் மகனிடம் குறை இல்லை, அவனுக்குப் பேச்சைத் தயாரித்துக் கொடுத்த முறையில்தான் குறை. வரிக்கு வரி மனப்பாடம் செய்த பேச்சு சங்கிலி போன்றது. ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லை இழுத்து வரும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததைப் பிடிக்க வழியே இல்லை. வீட்டில் எப்போதும் முதல் வரியிலிருந்தே சொல்லிப் பார்ப்பதால், முதல் வரியிலிருந்து மட்டுமே அவனுக்குப் பேச வரும்.

முதலில் எழுத்துப் படியை எடுத்துச் சொற்களை எண்ணிப் பாருங்கள். நிதானமாகப் பேசினால் தமிழில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 சொற்கள் ஓடும். அப்படியானால் 5 நிமிடத்துக்கு 400 முதல் 500 சொற்களே தாங்கும். 700 சொல்லுக்கு எழுதிக் கொடுத்தால் பிள்ளை ஓடித்தான் ஆக வேண்டும். ஓடும்போது மூச்சு மேல் நெஞ்சிலேயே நிற்கும், வாய் உலரும், நினைவும் தடுமாறும். மறதிக்கு மறதியைக் காரணம் சொல்கிறோம். பல நேரங்களில் காரணம் எழுத்துப் படியின் நீளம்தான்.

அடுத்து, பெரியவர்கள் எழுதிய சொற்கள். 'அளப்பரிய', 'இன்றியமையாத' என்று அவன் நாளும் பேசாத சொற்கள் எத்தனை இருக்கின்றன? மறப்பது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். தலைப்பைப் பற்றி அவனையே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொன்னதைக் கைப்பேசியில் பதிவு செய்து, அந்த வாக்கியங்களையே திருத்தமான தமிழில் எழுதுங்கள். தன் வாக்கியம் மறந்தாலும் இன்னொரு விதமாகச் சொல்ல அவனுக்கு வரும்.

பிறகு பேச்சை ஐந்து பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் ஒரு கெட்டி அட்டையில் இருக்கட்டும். முதல் இரண்டு வாக்கியங்களும் கடைசி இரண்டு வாக்கியங்களும் மட்டுமே மனப்பாடம். நடுப்பகுதியை ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாக்கியங்களில் சொல்லிப் பழக வேண்டும். ஒரு நாள் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இன்னொரு நாள் அவன் பேசும்போது நடுவில் ஒரு கேள்வி கேட்டு நிறுத்துங்கள்; பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்தைப் பிடிக்கட்டும். முதல் இரண்டு நாள் தடுமாறுவான். அந்தத் தடுமாற்றம் வீட்டிலேயே நடந்து முடியட்டும்.

மேடையில் மறந்துவிட்டால்: மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு சொற்களில் ஒரு முறை சொல்ல வேண்டும். அதற்குள் வரவில்லையென்றால் அடுத்த பகுதிக்குப் போய்விட வேண்டும். விடுபட்டது பேசுகிறவனுக்கு மட்டுமே தெரியும். 'மன்னிக்கவும்' என்று சொல்லாமல் இருந்தாலே போதும்.

உடனே அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். குடும்பத்தில் நாலு பேர் முன்னால் 1 நிமிடம், வகுப்பில் ஒரு குழுவுக்கு 2 நிமிடம் என்று படியேற விடுங்கள்.

கேள்வி: ஆண்டு 5 வகுப்பில் 32 மாணவர்கள். வாரத்துக்கு 60 நிமிடம் பேச்சுக்கு ஒதுக்க முடிகிறது. ஒவ்வொருவராக முன்னால் அழைத்தால் பாதிப் பேர் பேசுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. எந்த வகைப் பேச்சில் தொடங்கி எந்த வரிசையில் போவது?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்)

பதில்: கணக்கைப் பாருங்கள், டீச்சர். ஆளுக்குப் பேச 2 நிமிடம், கருத்துச் சொல்ல 1 நிமிடம், வந்து போக அரை நிமிடம். 32 பேருக்கு 112 நிமிடம். ஏறத்தாழ இரண்டு வாரம் போய்விடும். அவ்வளவு நேரமும் ஒருவர் பேச 31 பேர் சும்மா இருப்பார்கள். நான்கு நான்கு பேராக எட்டுக் குழுக்கள் பிரித்து, எல்லாக் குழுக்களிலும் ஒரே நேரத்தில் ஒருவர் எழுந்து பேசட்டும். 15 நிமிடத்தில் வகுப்பு முழுவதும் பேசி முடித்துவிடும். சத்தம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை நிறுத்திப் பேசுவதும் ஒரு பயிற்சி. அதன்பின் முன்னால் வந்து பேச வாரத்துக்கு நான்கைந்து பேர் போதும். யார் யார் வந்தார்கள் என்று குறித்து வையுங்கள். இல்லையென்றால் கை தூக்கும் அதே ஆறு பேர்தான் ஆண்டு முழுவதும் வருவார்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, பிள்ளையின் கவனம் தன்மேல் விழாத பேச்சிலிருந்து தொடங்குங்கள். 'என்னைப் பற்றி' என்ற தலைப்பைப் பலர் முதலில் கொடுக்கிறார்கள். எளிது போலத் தோன்றும், ஆனால் கூச்சப்படும் பிள்ளைக்கு அதைவிடக் கடினமானது இல்லை. பக்கத்தில் இருப்பவரை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள்: 5 நிமிடம் பேட்டி, 1 நிமிடம் பேச்சு. பெயர், வயது, பிடித்த உணவு என்று பட்டியலாகப் போய்விடுவதுதான் இதில் வரும் தவறு. மூன்று கேள்விகளில் ஒன்றை நீங்களே கொடுத்துவிடுங்கள்: 'போன வாரம் எதற்குச் சிரித்தாய்?' அந்த ஒரு பதில் வகுப்பைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

இரண்டாவது, வீட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டு வந்து காட்டி 2 நிமிடம். தாத்தாவின் தூக்குச்சட்டி, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, ரப்பர் பால் பிடித்த பழைய கோப்பை, இடியாப்ப அச்சு. கையில் பொருள் இருந்தால் 'கையை எங்கே வைப்பது' என்ற கவலை போய்விடும். சொல்ல வேண்டியதைப் பொருளே நினைவூட்டும். பொருளை முகத்துக்கு முன்னால் பிடிக்காமல் தோள் உயரத்தில் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் சுற்றுக்கு விடுவதானால் பேச்சு முடிந்த பிறகு விடுங்கள். நடுவில் விட்டால் பாதி வகுப்பு பொருளைத்தான் பார்க்கும்.

மூன்றாவது, செய்து காட்டும் உரை. பேச்சு வகைகளிலேயே பிள்ளைகளுக்கு அதிகம் கற்றுத் தருவது இதுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். வரிசையாகச் சொல்வது, காரணம் சொல்வது, கேட்பவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது, மூன்றும் இதில் தானாக வந்துவிடும். தே தாரிக் (உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றும் பால் தேநீர்) ஆற்றுவதை ஒரு மாணவன் 4 நிமிடத்தில் செய்து காட்டுகிறான் என்று வையுங்கள். கொதிநீர் வகுப்பறைக்குள் வரவே கூடாது. ஆறிய தேநீர் போதும். தேநீரைக் கொதிக்க வைத்து வடிகட்டுவதை வகுப்பில் செய்யத் தொடங்கினால் நேரம் அதிலேயே போய்விடும். எனவே வடித்த வெறும் தேநீர் ஒரு கண்ணாடிக் குவளையில், கெட்டிப் பால் கலந்தது இன்னொன்றில் என்று இரண்டு நிலைகளை முன்பே தயாராக வைத்து, ஆற்றுவதை மட்டும் நேரில் செய்ய வேண்டும். படிகள் நான்குக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு 'ஏன்' வேண்டும்: ஏன் உயரத்திலிருந்து ஊற்றுகிறோம்? சூடு தணியும், பால் நன்றாகக் கலக்கும், நுரை எழும். ஊற்றும்போது பேசினால் தலை குனியும், குரல் குவளைக்குள் போய்விடும். ஆகவே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். செய்து முடித்து நிமிர்ந்து அடுத்ததைச் சொல்ல வேண்டும். செய்யும் அந்தச் சில விநாடி மௌனத்தைப் பிள்ளைகள் 'வந்து... வந்து...' என்று நிரப்பப் பார்ப்பார்கள். வேண்டாம், கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது காதுக்கு வேலை தேவையில்லை.

பூச்சரம் கட்டிக் காட்ட விரும்பும் பிள்ளைக்கும் இதே பாடம்தான். மெல்லிய நூலும் மல்லிகையும் இரண்டாவது வரிசையைத் தாண்டித் தெரியாது. தடித்த கயிறும் காகிதப் பூவும் கொடுத்துவிட்டு, முன்னதாக நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

அதற்குப் பிறகு விளக்கவுரை, இணங்க வைக்கும் உரை. உடனடிப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். முதல் வாரத்திலிருந்தே பாடத்தின் தொடக்கத்தில் இரண்டு பேருக்கு அரை நிமிடம் கொடுத்தால் பயம் தேங்காது.

கேள்வி: 'பினாங்குப் பாலம்' பற்றி விளக்கவுரை. இணையத்தில் கிடைத்த எல்லா எண்களையும் சேர்த்தேன். வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.
(படிவம் 4 மாணவர், பிறை)

பதில்: எண்களை நிறுத்திப் படிக்கக் கண்ணுக்கு முடியும், தம்பி. காதுக்கு முடியாது. 4 நிமிடத்தில் மூன்று எண்களுக்கு மேல் யாருக்கும் நிற்காது. முதல் பாலம் 1985இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர், இரண்டாவது 2014இல், 24 கிலோமீட்டர். இந்த நான்கையும் அடுக்கினால் ஒன்றும் நிற்காது. 'இரண்டாவது பாலம் முதல் பாலத்தைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு நீளம்' என்றால் நிற்கும். தலைப்பும் அகலமாக இருக்கிறது. 'பாலம் வந்த பிறகும் ஃபெரி ஏன் நிற்கவில்லை?' என்று ஒரு கேள்வியாகக் குறுக்கினால், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடும். ஒவ்வொரு பகுதி முடிவிலும் 'இதுவரை இதைப் பார்த்தோம், இனி இது' என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். புத்தகத்தில் துணைத்தலைப்பு செய்யும் வேலையை மேடையில் அந்த வாக்கியம்தான் செய்யும்.

கேள்வி: 'நெகிழிப் பையைத் தவிர்ப்போம்' என்று 6 நிமிடம் பேசினேன். யாரும் மறுக்கவில்லை. யாரும் மாறவும் இல்லை. எங்கே தவறு?
(படிவம் 6 மாணவி, பாயான் பாரு)

பதில்: யாரும் மறுக்காததே அடையாளம். கேட்பவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மறுபடி சொல்லியிருக்கிறீர்கள். பினாங்கில் 2011 தொடங்கியே கடைகளில் எல்லா நாளும் இலவசப் பை கிடையாது, பைக்கு அப்போது 20 சென் என்று வந்துவிட்டது. உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தவர்கள். அவர்களிடம் இன்னும் மாறாமல் இருப்பது வேறு: பையில் ஊற்றி உறிஞ்சுகுழல் செருகிக் கட்டிக் கொடுக்கும் ஐஸ் தே, சிராப் என்ற இனிப்புப் பானம். பேச்சு அங்கே இறங்க வேண்டும்.

இந்த வகைப் பேச்சுக்கு, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலன் மன்றோ 1930களில் வகுத்த ஐந்து படி அமைப்பு இன்றும் வகுப்பறைகளில் பயன்படுகிறது: கவனம், தேவை, தீர்வு, காட்சி, செயல். 6 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். கவனத்துக்கு அரை நிமிடம்: ஒரு வாரம் உங்கள் வகுப்புக் குப்பைக் கூடையில் விழுந்த பானப் பைகளை நீங்களே எண்ணி, அந்த எண்ணைச் சொல்லுங்கள்; உலகப் புள்ளிவிவரத்தைவிட அது நெருங்கி வந்து நிற்கும். தேவைக்கு ஒன்றரை நிமிடம்: அந்தப் பைகள் எங்கே போகின்றன, யார் பொறுக்குகிறார்கள். தீர்வுக்கு 2 நிமிடம்: வெள்ளிக்கிழமை மட்டும் சொந்தக் குவளை. 'குவளையை யார் கழுவுவது? புத்தகப் பையில் சிந்தாதா?' என்ற மறுப்புகளை இங்கேயே எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் கேட்பவர் மனம் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது உள்ளே போகாது. காட்சிக்கு 1 நிமிடம்: ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளை எப்படி இருக்கும் என்று கண்முன் கொண்டுவாருங்கள். செயலுக்குக் கடைசி 1 நிமிடம்.

பெரும்பாலான மாணவர் பேச்சுகள் சரிவது இந்தக் கடைசிப் படியில்தான். 'ஒன்றுபடுவோம், ஒழிப்போம்' என்பது செயல் ஆகாது. யார், எந்த நாள், எதை, எங்கே என்ற நான்குக்கும் பதில் இருந்தால்தான் செயல். 'நாளை மறுநாள் வெள்ளி. வீட்டிலிருந்து மூடி போட்ட குவளை ஒன்று. சிற்றுண்டிச்சாலையில் பானம் வாங்கும்போது அதை நீட்டுங்கள்.' இதற்கு மறுப்பும் வரும், ஓரிரண்டு பேரிடம் மாற்றமும் வரும்.

கேள்வி: பேச்சைத் திருக்குறளில் தொடங்குவது நல்லதா?
(வாசகர், கெப்போங்)

பதில்: அந்தக் குறள் உங்கள் வாதத்தைத் தாங்குமானால் நல்லது. போட்டியில் உங்களுக்கு முன்னால் பேசிய பத்துப் பேரும் குறளில்தான் தொடங்கியிருப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். குறளை நடுவில், வாதம் உச்சத்துக்கு வரும் இடத்தில் வைத்து, அதை ஒரே மூச்சில் ஒப்பிக்காமல் சீர் பிரித்து நிறுத்திச் சொல்லி, பொருளை உங்கள் சொந்த வாக்கியத்தில் தந்தால் குறளுக்கும் மரியாதை, பேச்சுக்கும் வலு.

கேள்வி: கல்லூரியில் சீட்டு எடுத்து உடனே 2 நிமிடம் பேசச் சொல்கிறார்கள். எனக்கு முதல் வாக்கியமே வரவில்லை.
(மாணவி, செராஸ்)

பதில்: முதல் வாக்கியத்தைத் தேடாதீர்கள், கடைசி வாக்கியத்தைத் தேடுங்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால் கால் தானாக நடக்கும். சீட்டில் 'குடை' என்று வருகிறது. முடிவு: 'கோலாலம்பூரில் பையில் குடை இல்லாமல் வெளியே போகக் கூடாது.' இனிக் கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, மறுபடி கருத்து என்று நான்கு கட்டம். காலையில் வெயில் காய்ந்தாலும் பிற்பகலில் திடீரென்று கொட்டுகிற ஊர் என்பது காரணம். எல்ஆர்டி ரயில் நிலைய வாசலில் மழை விடக் காத்து நிற்கும் கூட்டம் எடுத்துக்காட்டு. கருத்து எதுவும் தோன்றாத தலைப்பானால் நேற்று, இன்று, நாளை என்று போகலாம்: பாட்டி காலத்துக் குடை, இன்றைய மடக்குக் குடை, இனி எப்படி.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. 'குடை என்பது மழையிலிருந்து நம்மைக் காக்கும் ஒரு பொருள்' என்று அகராதி சொல்லித் தொடங்குவது ஒன்று. 'அவ்வளவுதான், நன்றி' என்று நடுவழியில் இறங்கிவிடுவது மற்றொன்று. 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றத்தின் கூட்டங்களில் இந்த உடனடிப் பேச்சுக்கு 1 முதல் 2 நிமிடம்தான் தருகிறார்கள். ஒருவர் நேரம் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுவார். இன்னொருவர் அசைச்சொற்களை எண்ணுவார். உங்கள் வகுப்பிலும் செய்யலாம். 'வந்து', 'அப்புறம்', 'என்னன்னா', 'லா' நான்கையும் எண்ண ஒரு தோழி போதும். எண்ணிக்கையைக் கேட்ட அடுத்த வாரமே பாதி குறையும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி நிற்பதுதான் மாற்று.

கேள்வி: பேசும்போது கை நடுங்குகிறது. எல்லாரும் கவனிக்கிறார்கள்.
(வாசகர், ஜார்ஜ்டவுன்)

பதில்: ஏ4 தாளைப் பிடித்திருப்பீர்கள். மெல்லிய தாள் சிறு நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். 10க்கு 15 சென்டிமீட்டர் கெட்டி அட்டைக்கு மாறுங்கள். மேடை ஏறுமுன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடுவதை ஐந்து முறை செய்யுங்கள். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும்.

கேள்வி: எங்கள் இயக்க நிகழ்ச்சியில் வரவேற்புரை என் பொறுப்பு. டத்தோ, டான்ஶ்ரீ என்று விளிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது.
(செயலாளர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: பட்டங்களின் வரிசையை மேடையில் யூகிக்காதீர்கள். முதல் நாளே ஏற்பாட்டாளரிடம் எழுதி வாங்கி, பெயர்களை வாய்விட்டுப் படித்து, ஐயமான உச்சரிப்பை அவரவர் உதவியாளரிடம் கேட்டுவிடுங்கள். மூன்று நான்கு பேரைப் பெயர் சொல்லி விளித்து, மற்றவர்களைச் சேர்த்து ஒரே விளியில் அழைத்தால் போதும். வரவேற்புரை 3 நிமிடம். சிறப்புரையாளர் பேசப்போகும் பொருளை நீங்களே பேசிவிடக் கூடாது. அவர் யார், இன்று ஏன் அவர் என்பதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: மகளுக்கு ழகரம் ளகரமாகவே வருகிறது. போட்டிக்கு இன்னும் ஒரு மாதம்.
(ஒரு தந்தை, பட்டர்வொர்த்)

பதில்: 'சரியாகச் சொல்' என்று திருத்திக்கொண்டே இருந்தால் வராது; நாக்கு எங்கே போக வேண்டும் என்று காட்ட வேண்டும். ல: நாக்கு நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தொடும். ள: நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழ: அதே போல் வளையும், ஆனால் தொடாது. 'ள்ள்ள்' என்று நீட்டிக்கொண்டே நுனியை மயிரிழை இறக்கச் சொல்லுங்கள், 'ழ்' கிடைக்கும். பிறகு வலி, வளி, வழி. ஒலி, ஒளி, ஒழி. வால், வாள், வாழ். கண்ணாடி முன் நாளுக்கு 5 நிமிடம், மிக மெதுவாக. தனிச் சொல்லில் வந்தபின் பேச்சில் ழகரம் வரும் சொற்களை மட்டும் வட்டமிட்டு, அந்த வாக்கியங்களைப் பழகட்டும். எல்லாச் சொல்லிலும் நாக்கை மடக்கி 'பள்ளி'யைப் 'பழ்ழி' ஆக்கிவிடுவது அடுத்த கட்டத்தில் வரும் தவறு. அதற்கும் காது கொடுங்கள்.

கேள்வி: பள்ளி மண்டபம், துத்தநாகக் கூரை. மழை பிடித்தால் ஒலிவாங்கி இருந்தும் ஒன்றும் கேட்பதில்லை.
(பேச்சுப் போட்டி ஏற்பாட்டாளர், பினாங்கு)

பதில்: சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடத் தொடங்கும். ஒலிபெருக்கிகள் பேசுபவருக்கு முன்னால், பார்வையாளரை நோக்கி இருக்கட்டும். அவற்றுக்கு எதிரே ஒலிவாங்கி போகக் கூடாது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு கைப்பிடி அளவு தூரம், மோவாய்க்குச் சற்றுக் கீழே. ஊதியோ தட்டியோ பார்க்க வேண்டாம். இரண்டு வாக்கியம் பேசிப் பார்த்தால் போதும். ஆண்டு 1 பிள்ளைக்கும் ஆண்டு 6 பிள்ளைக்கும் உயரம் வேறு. ஒவ்வொரு முறையும் தாங்கியை இறக்கி ஏற்ற ஓர் ஆசிரியரை மேடை ஓரத்தில் நிறுத்துங்கள். மழை வலுத்தால் போட்டியை 10 நிமிடம் நிறுத்திவிடுங்கள். ஒரு பிள்ளையின் வரிசை எண் மழை நேரத்தில் வந்துவிட்டது என்பதற்காக அதன் குரல் யாருக்கும் எட்டாமல் போகக் கூடாது.